ஏழாவது தரிப்பிடத்தில் வானைத் திருப்பினேன்

போன மாதம் சுதா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. நான் ஓட்டிய கம்பனி வானை, அந்தத் துப்புரவு வண்டியை, இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, வான் கதவில ஒரு தாள் ஒட்டியிருக்கெல்லே. குளிர் மைனஸ் பத்துக்குக் கீழ போனா ஈர வேலை இல்லை எண்டு. அது உங்களாலதான் வந்தது எண்டு சொல்லுகினம். மெய்யே?"

"என்னால வரேல்லை. அருள்மேரியின்ர விரலால வந்தது."

"அப்ப அதை எழுதித் தாங்கோவன். எங்கட சங்க மலருக்கு எல்லாரும் கவிதைதான் தருகினம்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்து, இத்தனை வருடம் கழித்தும், அந்தக் காலையின் முதல் வரியை மூன்று தடவை வெட்டினேன். ஆனாலும் எழுதுகிறேன். என் வேலைக்காலம் மொத்தத்தில் எனக்கு நிறைவானது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஒரு நாளையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் கணிதம் படிப்பித்தேன். ஜேர்மனிக்கு வந்த பிறகு முதலில் வேலை செய்ய அனுமதி இல்லை. பிறகு ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினேன். அதன் பிறகுதான் கெல்சென்கிர்ச்சனில் டிராம் தரிப்பிடங்களைத் துப்புரவு செய்யும் கம்பனியில் சேர்ந்தேன். ஊரில் விசாரித்தவர்களுக்குப் போக்குவரத்துத் துறையில் வேலை என்று கணவர் சொல்லிவந்தார். அது பொய்யில்லை.

வேலை இப்படி. ஒரு வானில் இரண்டு பேர். ஒரு காலையில் இருபத்திரண்டு தரிப்பிடம். இறங்கியவுடன் முதலில் நிலத்தைப் பார்க்கவேண்டும். உடைந்த போத்தல், ஊசி ஏதாவது கிடக்கும். பிறகு குப்பைத்தொட்டி. பிறகு தரிப்பிடத்துக் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைச் சிறிய தகட்டால் சுரண்ட வேண்டும். கடைசியில் கண்ணாடி: மேலிருந்து கீழே நனைத்து, ரப்பர் பட்டையால் வளைத்து வளைத்து ஒரே இழுப்பில் வழித்து, ஓரத்தைத் துணியால் துடைக்க வேண்டும். பட்டையை நடுவில் தூக்கினால் கோடு விழும். கோடு விழுந்தால் வெயில் வந்தவுடன் காட்டிக்கொடுக்கும். நான் கோடு விழாமல் வழிக்கப் பழகியதற்கு ஒரு முழு வசந்தகாலம் எடுத்தது. நாங்கள் துடைத்துவிட்டுப் போன கண்ணாடியில் ஒரு பெண் தன்னைப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்வதைக் கண்டால் எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்.

குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் கண்ணாடியிலேயே உறைந்துவிடும். அதற்காக ஸ்பிரிட் கலப்போம். சாதாரண உறைபனிக்கு ஐந்தில் ஒரு பங்கு. மைனஸ் பத்தென்றால் மூன்றில் ஒன்று. அதற்கும் கீழே போனால் பாதிக்குப் பாதி. அந்த மணம் உடுப்பில் ஏறி வீடுவரைக்கும் வரும். மகள் சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் என்னைக் கட்டிப்பிடிப்பாள். "அம்மா, ஆஸ்பத்திரி மணக்குது" என்பாள்.

எங்கள் மைஸ்டர், அதாவது வேலைக்குப் பொறுப்பானவர், ஹெர் வெஸ்ஸல். முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். அது மூடப்பட்ட பிறகு இங்கே வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பனி முற்றத்தில் நிற்பார். ஒவ்வொரு வானாக வருவார். குனிந்து டயரைக் கையால் தடவுவார். ஸ்பிரிட் வாளியை முகர்ந்து பார்ப்பார்; கலவை பிழையென்றால் மூக்காலேயே கண்டுபிடிப்பார். பிறகு காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, அன்றைய தாளை அட்டையில் வைத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்றைக்கு உங்களால் இது முடியுமா?"

"யா, ஹெர் வெஸ்ஸல்" என்போம்; யா என்றால் ஓம், ஹெர் என்றால் திரு. கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டுத் தாளில் ஒரு சரி போடுவார். வானை எடுப்போம்.

எங்கள் பக்கத்தில் வயதுக்கு மூத்த ஒருவர் "செய்வியளோ?" என்று கேட்டால், அது வேலையை மரியாதையாகத் தரும் முறை. கேட்பவருக்கும் பதில் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஹெர் வெஸ்ஸலும் அப்படித்தான் கேட்கிறார் என்று பத்து வருடம் நினைத்திருந்தேன். அந்தக் கம்பனியில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் ஆறு பேர். ஒருவரும் ஒருநாளும் வேறு பதில் சொன்னதில்லை. அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது.

இனி அருள்மேரி. மன்னார்க்காரி, என்னைவிட ஆறு வயது இளையவள், என்னோடு வானில் வந்தவள். வாய் ஓயாது. ஸ்டிக்கர் சுரண்டும்போது காற்பந்துக் கழகத்து ஸ்டிக்கர்களை மட்டும் கவனமாக முழுதாக உரித்தெடுத்து, எதிரணி ஊர்க்காரர் வரும் தரிப்பிடத்துக் குப்பைத்தொட்டியில் ஒட்டிவிட்டு வருவாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பது. மார்ச்சில் முடியும். விசா அலுவலகத்தில் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்கும் அவளுடைய குடும்பத்துக்கும் முத்திரை குத்துவார்கள். நான் அப்போது வானுக்குத் தலைவியாக நியமிக்கப்பட்டு நான்கு மாதம். ஆறு மாதம் பரீட்சார்த்தமாக. தமிழ்ப் பெண்களில் முதல் தலைவி நான்தான்.

அது இரண்டாயிரமாம் ஆண்டுகளின் கடைசிப் பகுதி, ஒரு ஜனவரி. முதல்நாளே குளிரைப் பற்றித் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் பத்து வயது. அவள் தானாக எழும்பிப் பள்ளிக்கூடம் போகவேண்டும். கணவர் இரவு வேலை முடிந்து வர எட்டு மணியாகும். இரண்டு சோடி காலுறை, கம்பளித் தொப்பி, கழுத்துச் சால்வை எல்லாவற்றையும் கதிரையில் வரிசையாக வைத்து, கதவில் ஒரு துண்டும் ஒட்டிவிட்டுப் புறப்பட்டேன். என் கவலை முழுக்க அவள் தொப்பியைப் போடாமல் போய்விடுவாள் என்பதுதான்.

முற்றத்து வெப்பமானியில் மைனஸ் பதினைந்து. அதற்கு மேல் கிழக்குக் காற்று. இரண்டு வான்கள் இயந்திரம் போடாமல் மூலையில் நின்றன. பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன்.

ஹெர் வெஸ்ஸல் வந்தார். வாளியை முகர்ந்தார். "பத்து மணிக்குப் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து உங்கள் பாதையில் கண்ணாடி பார்க்க வருகிறார்கள். குளிரும் இப்படி இருக்கிறது. இன்றைக்கு உங்களால் இது முடியுமா?"

நான் அருள்மேரியைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னமே, "யா யா, ஹெர் வெஸ்ஸல்" என்றாள். நானும் யா என்றேன். அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் பொறுத்திருந்தார். பிறகு சரி போட்டார்.

பாதிக்குப் பாதி கலவை. அந்தக் குளிரிலும் வாளியில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. உறையாத தண்ணீர் கையை என்ன செய்யும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். கணிதம் படிப்பித்த எனக்காவது தோன்றியிருக்கவேண்டும்: உறையாமல் இருக்கிறதே தவிர, அது பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த தண்ணீர். அதில் ஸ்பிரிட் ஆவியாகிப் போகும்போது கையில் மிச்சமிருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

கம்பளிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போடுவது வழக்கம். அன்று ரப்பர் விறைத்துப் பலகைபோல ஆகிவிட்டது. தகட்டைப் பிடிக்க முடியவில்லை என்று அருள்மேரி ரப்பரைக் கழற்றிவிட்டாள். நனைந்த கம்பளியோடு வேலை செய்தாள். நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது தரிப்பிடத்திலிருந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொப்பி போட்டாயா என்று கேட்டேன். போட்டதாகச் சொன்னாள். நான்காவதில் அருள்மேரியிடம் கை எப்படி என்று கேட்டேன்.

"கொதிக்குதக்கா. ஊசியால குத்திற மாதிரி."

"வானுக்குள்ள வந்து கொஞ்சம் இரு."

"இருந்தா எழும்ப மாட்டன். விடுங்கோ."

ஆறாவதில் அவளாகவே சொன்னாள். "இப்ப நோகேல்லை. குளிர் விட்டிட்டுது. கை பழகிப்போச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வோம். வெயிலில் பிறந்து வந்தவர்கள் என்பதால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் எப்போது பழகும் என்று காத்துக்கொண்டிருப்போம். நோவு நின்றால் பழகிவிட்டது என்று அர்த்தம் எடுப்போம். அன்று என் கால்விரல்களும் நோகவில்லை. நானும் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஏழாவது தரிப்பிடம் ஒரு பாலத்தின் மேல். நான்கு பக்கமும் திறந்த வெளி. நான் ஒரு பக்கம் வழித்துக்கொண்டிருந்தேன். அருள்மேரி மறுபக்கம் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். கை மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. தகடு நிலத்தில் கிடந்தது.

அவளுக்கு அது தெரியவில்லை. தகடு இல்லாத கையால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு, முதல்நாள் யாரோ சொன்ன பகிடி ஒன்றை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுற்றிக்கொண்டு ஓடினேன். கையுறையை இழுத்தேன், ஒட்டிக்கொண்டு வந்தது. வலது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் நடு மூட்டிலிருந்து மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. நகத்தை அழுத்திவிட்டு எடுத்தேன். சிவப்புத் திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை அழுத்தினேன். நகம்போலவே சதையும் இறுக்கமாக இருந்தது.

"ஏறு வானுக்குள்ள."

"இன்னும் பதினைஞ்சு கிடக்கக்கா."

"ஏறு எண்டுறன்."

"பத்து மணிக்கு அவையள் வருகினம். நோகேல்லை எண்டு சொல்லுறனெல்லே."

"நோகாததுதான் எனக்குப் பயமா இருக்கு. ஏறு."

ஏறினாள். வாசலில் வைத்தே என் சால்வையைப் பிடித்தாள். "அக்கா, உங்களைக் கும்பிடுறன். ஒண்டும் சொல்லாதேங்கோ. மார்ச்சோட என்ர ஒப்பந்தம் முடியுது. விரல் பழுதாப் போன ஆளுக்கு ஆர் திரும்பத் தருவினம்? நான் வீட்டை போய்த் தைலம் போட்டு உருவி விடுறன். நீங்கள் தனியச் செய்யுங்கோ, நான் இஞ்ச இருக்கிறன்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் பரீட்சார்த்த காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. திரும்பிப் போனால் இருவருக்கும் கெடுதல். போகாவிட்டால் அவளுடைய விரல். அதை எடைபோட எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. வான் கண்ணாடி மூச்சால் மூடிவிட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஹெர் வெஸ்ஸலுக்கு எடுத்தேன். எனக்கு டொச், அதாவது ஜேர்மன் மொழி, நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு சொல்லும் ஒழுங்காக வரவில்லை. "நாங்கள் திரும்பி வருகிறோம். இன்றைக்கு இனி வெளியில் வேலை செய்யமாட்டோம்" என்று மட்டும் சொன்னேன்.

"யாருடைய கை?" என்று கேட்டார். நான் கையென்று சொல்லவே இல்லை.

"அருள்மேரியுடையது. வெள்ளையாக இருக்கிறது. நோகவில்லை என்கிறாள்."

"தேய்க்கவேண்டாம். சூட்டுக் காற்றில் பிடிக்கவேண்டாம். அவளுடைய அக்குளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரச்சொல்லுங்கள்."

என் கை ஏற்கெனவே சூட்டுக் காற்றின் குமிழில் இருந்தது. எடுத்துவிட்டேன். வானைத் திருப்பினேன்.

இருபது நிமிட ஓட்டம். அருள்மேரி என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னாள்: "நீங்கள் டீச்சரெல்லே. உங்களுக்கு எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளையள்தான்."

பச்சை விழுந்தது. வானை எடுத்தேன்.

"உங்களிட்ட நிரந்தர விசா இருக்கு. நீங்கள் வானைத் திருப்பலாம்."

அது உண்மை.

ஹெர் வெஸ்ஸல் சாப்பாட்டு அறையில் ஒரு சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீரும், சமையலறை வெப்பமானியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு மேல் போகக்கூடாது என்றார். அருள்மேரியின் கையை அதற்குள் வைத்தார். தண்ணீர் ஆறும்போதெல்லாம் ஒரு குவளை சுடுதண்ணீரை ஓரமாக ஊற்றினார். கால்மணி நேரம் இப்படியே போனது. பிறகு நோவு வந்தது. அருள்மேரி மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் கண்டது அதுதான் முதல் தடவை. அவர் "நல்லது, நல்லது" என்று முணுமுணுத்தார். எவ்வளவு கல்நெஞ்சு என்று அப்போது நினைத்தேன்; நோவு வந்தால் விரலுக்கு உயிர் திரும்புகிறது என்று பிறகுதான் விளங்கியது. அம்புலன்ஸ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனது.

நாங்கள் இருவரும் அறையில் மிஞ்சினோம். சட்டித் தண்ணீரை அவரே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"காலையில் உங்களிடம் முடியுமா என்று கேட்டேன்."

"ஓம்."

"முடியும் என்றீர்கள். ஏன்?"

"நீங்கள் கேட்டீர்கள், அதனால்" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. நான் விளக்கினேன். எங்களிடம் பெரியவர் கேட்பது எப்படி, நாங்கள் பதில் சொல்வது எப்படி என்று. அவர் பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்தபிறகு வெளியே கையைக் காட்டினார். "அந்த இரண்டு வானும் இன்றைக்குப் போகவில்லை. அவர்கள் முடியாது என்றார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது இரண்டு மூன்று தடவை சொல்வார்கள். அதற்காகத்தான் கேட்கிறேன். நீங்கள் பத்து வருடமாக ஒருமுறையும் சொல்லவில்லை. உங்களைக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துவிட்டேன்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "மைனஸ் பதினைந்தில் நான் கேட்டிருக்கவே கூடாது" என்றார்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். வேலையிட விபத்து அறிக்கை. வேலையை நிறுத்தியவர் யார், என்ன காரணம் என்று ஒரு பெட்டி. அதற்குக் கீழே தலைவியின் கையெழுத்து. அருள்மேரி கும்பிட்டது கண்ணுக்குள் நின்றது. இதை எழுதாமல் விட்டால் என்ன என்று கேட்டேன்.

"எழுதாவிட்டால் இது வீட்டில் நடந்த விஷயம். பத்து வருடம் கழித்து அந்த விரல் பழுதானால் யாரும் பொறுப்பெடுக்கமாட்டார்கள். அவளுக்கு இருக்கப்போகும் ஒரே தாள் இதுதான்."

நானே எழுதினேன். நிறுத்தியது நான். காரணம்: கையில் உணர்ச்சி இல்லை. கையெழுத்துப் போட்டேன். பேனாவை இறுக்கிப் பிடித்ததில் எழுத்து, வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதைப்போலப் பெரிதாக வந்தது.

பத்து மணிக்கு வந்தவர்களோடு ஹெர் வெஸ்ஸலே போய் எட்டாவது தரிப்பிடத்தில் நின்றார். அழுக்குக் கண்ணாடியைக் காட்டி, வேலையைத் தானே நிறுத்தச் சொன்னதாகச் சொன்னாராம். நான்தான் நிறுத்தினேன் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பாதை எங்கள் கம்பனியிடமே இருந்தது. அலுவலகத்தில் என் பரீட்சார்த்த காலத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். நான் வாதாடவில்லை.

அருள்மேரியின் சின்ன விரல் நுனியில் ஒரு பயறளவு வெட்டி எடுத்தார்கள். மோதிர விரல் தப்பியது. ஆறு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. கோயிலில் கண்டால் அடுத்த வரிசையில் போய் இருப்பாள். நான் ஒவ்வொரு நாளும் மார்ச் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மகளுக்கும் அந்த நாட்களில் நான் நல்ல தாயாக இருக்கவில்லை. அவள் பள்ளியால் வந்தவுடன் வாசலிலேயே நிறுத்தி ஒவ்வொரு நகமாக அழுத்திப் பார்ப்பேன். இப்போது அவள் ஆஹென் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் உள்ளே வருமுன் தானாகவே இரண்டு கையையும் நீட்டுகிறாள். சிரிக்கிறாள்தான், ஆனால் நீட்டுகிறாள்.

பெப்ரவரி முடிவில் அருள்மேரியை ஹெர் வெஸ்ஸல் உள்ளே எடுத்தார். துணிகள் தோய்க்கும் அறையும், ஸ்பிரிட் கலக்கும் வேலையும். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு வந்தது. அந்த அறிக்கை இருந்தபடியால் அவளை வெளியே விடுவது அலுவலகத்துக்கு அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு வருடம் கழித்து நிரந்தரமாகியது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று என் வானில் வந்து ஏறி உட்கார்ந்தாள்.

"உங்களில கோவம் இன்னும் முழுக்கப் போகேல்லை."

"இருக்கட்டும்."

"வான் நாத்தம் அப்பிடியே கிடக்கு. கழுவிறேல்லையோ?"

அதுதான் சமாதானம்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன் ஹெர் வெஸ்ஸல் வான் கதவுகளில் அந்தத் தாளை ஒட்டினார்; தன் கேள்வியையும் மாற்றிக்கொண்டார். முடியுமா என்று எங்களிடம் பிறகு கேட்கவில்லை. குளிர் நாட்களில் ஒவ்வொரு வானாக வந்து, "கடைசியாகக் கை எப்போது நொந்தது?" என்று கேட்டார். அதற்கு யா என்று பதில் சொல்ல முடியாது. நேரம் சொல்லவேண்டும். அவர் ஓய்வுபெறும்வரை அப்படித்தான் கேட்டார். நானும் என் காலத்தில் இன்னும் மூன்று தடவை வானை எடுக்க மறுத்தேன். கடைசியில் முழங்கால் நோவுதான் என்னை வேலையை விடவைத்தது.

ஒவ்வொரு வருடமும் முதல் உறைபனிக்கு அருள்மேரி தொலைபேசி எடுப்பாள். இந்த முறையும் எடுத்தாள்.

"தொடங்கிட்டுதக்கா. உயிர் போகுது."

"எந்த விரல்?"

"ரெண்டும்தான். சின்னனில நுனியே இல்லை, இல்லாத இடமும் நோகுது."

"நல்லது."

"என்ன நல்லது? நான் நோகுது எண்டுறன், நீங்கள் நல்லது எண்டுறியள்."

"மற்ற விரல்?"

"மற்றதுகளும் நோகுதுதான்."

"ஒவ்வொண்டாச் சொல்லு."

அவள் என்னைத் திட்டிக்கொண்டே பெருவிரலிலிருந்து தொடங்கினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, ஐந்தாவது விரல்வரைக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.